பேச்சியம்மாளின் பொறுமைக்கு நாங்கள் போட்ட மார்க்

“…அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லுதீங்க, சரி. அது எந்த வருசத்து அடுத்த மாசம்னு மட்டும் சொல்லிருங்க சார், நான் போயி என் சோலியப் பாக்கேன்” என்று சொல்லி நிறுத்தினார் பேச்சியம்மாள்.

இடம், ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பர்சனல் ஆபீசர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசர். இந்தப் பக்கம் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், அந்தக் கம்பெனியில் ஐந்து வருடமாக டிரெய்னி. அவருக்குப் பக்கத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இந்தப் பெண்ணுக்குப் பொறுமை என்பதே கிடையாது என்று கம்பெனிக்குக் காகிதம் போனதே, அது என் கை வழியாகத்தான் போனது.

அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நாங்கள் எவ்வளவு பெரிய அறிவாளிகளாக இருந்தோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது சர்வே வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களைப் பார்க்கிறேன். ஆளுக்கொரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாற்பது நிமிடத்தில் ஒரு மனுஷியின் ஆசை, பயம், நம்பிக்கை எல்லாவற்றையும் அளந்து அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். துணி அளக்கிறவன்கூட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் அளந்தேன். அதனால்தான் வாயைத் திறக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. பர்கூர்ப் பக்கம் சொந்த ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன் என்பதற்காக ஒருவர் கணக்கெடுப்புக்குக் கூப்பிட்டார். போனேன். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று வேலை வந்துகொண்டே இருந்தது. சோப்பு வாங்குகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள் என்று எல்லாரிடமும் கேள்வி கேட்டிருக்கிறேன். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததெல்லாம் பதிலுக்கு அடுத்ததாக மனிதர்கள் சொல்லும் வார்த்தைதான். ஆமாம், இல்லை என்று கட்டத்தில் டிக் அடித்த பிறகு ஒரு வார்த்தை சொல்வார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் போவேன். அதை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வேன். ஆபீசில் அதற்கு இடமில்லை. டேட்டா என்ட்ரி செய்யும் பெண்கள் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், நான்கு வழிச் சாலையில் லாரிகள் பறக்க ஆரம்பித்திருந்த காலத்தில், வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு அவர் தலைவர். தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்களின் பொறுமையை அளக்க வேண்டும், துணிச்சலை அளக்க வேண்டும் என்றார். எப்படி என்று கேட்டேன். பையிலிருந்து அட்டைகளை எடுத்தார்.

அட்டையில் இரண்டு பக்கம். இடது பக்கம், இன்றைக்கே நூறு ரூபாய். வலது பக்கம், அடுத்த மாதம் இதே தேதியில் நூற்றுப்பத்து. எது வேண்டும்? அடுத்த அட்டையில் வலது பக்கம் நூற்றிருபது. அதற்கடுத்ததில் நூற்று முப்பது. இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் ஓர் அட்டையைக் குலுக்கி எடுத்து, அதில் அந்த ஆள் எதைக் கேட்டாரோ அதை உண்மையாகவே கொடுக்க வேண்டும். இன்றைக்கு என்றிருந்தால் கையில் நோட்டு. அடுத்த மாதம் என்றிருந்தால் ஒரு சீட்டு. எந்த அட்டையில் ஒருவர் ‘சரி, காத்திருக்கிறேன்’ என்று வலது பக்கம் சாய்கிறாரோ, அதுதான் அவருடைய பொறுமையின் அளவு. சீக்கிரம் சாய்ந்தால் பொறுமைசாலி. கடைசிவரை சாயவில்லை என்றால் பொறுமை பூஜ்யம்.

எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டில் என் மனைவியிடம்கூட அட்டையை நீட்டிப் பார்த்தேன். “ரெண்டு பக்கத்தையும் வெச்சிட்டு மாவு அரைச்சிட்டு வாங்க” என்றார்.

துணிச்சலுக்கு வேறு ஒரு விளையாட்டு. துணிப்பைக்குள் சிவப்புக் கோலியும் வெள்ளைக் கோலியும் இருக்கும். கையை விட்டு எடுத்தால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், இரண்டு மடங்கும் கிடைக்கலாம். எடுக்க மாட்டேன் என்றால் ஒரு சின்னத் தொகை நிச்சயம். தொழிலாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வியாபாரிகளும் வேண்டும் என்றார் தலைவர். அதற்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காரரிடம் போனேன். எல்லாரும் பாய் என்று கூப்பிடும் பெரியவர். பையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இது சூதுங்க சார். எங்களுக்கு ஆகாது. நீங்க டீ சாப்பிடுங்க” என்றார். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அதே பதில். விதிப்படி நான் எழுதியது: இடரை முற்றிலும் தவிர்ப்பவர்.

டீ குடித்துக்கொண்டே அவர் தொழிலைப் பற்றிக் கேட்டேன். தை மாதத்தில் பூவைப் பார்த்தே தோப்பைக் குத்தகைக்கு எடுத்துவிடுவாராம். காய் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பணம் கைமாறிவிடும். ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்தால் தீர்ந்தது கதை. “பூவுல பாதி காத்துக்குங்க, மீதியில பாதி பூச்சிக்கு. அப்புறம் ஏதாச்சும் தொங்குனா அது பாய்க்கு” என்றார் சிரித்துக்கொண்டே. நாற்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். எங்கள் காகிதத்தில் அவர் தொடைநடுங்கி. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாய் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டு, நல்ல வார்த்தை கிடைத்தது என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

பெரிய சர்வேக்கு முன்னால் ஓர் ஒத்திகை வேண்டும் என்று போச்சம்பள்ளிக்குப் போனோம். அங்கே தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பிடித்து, மர நிழலில் உட்காரவைத்து அட்டைகளை நீட்டினோம். அந்த ஜனங்கள் எவ்வளவு நம்பினார்கள் தெரியுமா. நிறையப் பேர் வலது பக்கத்தைத்தான் தொட்டார்கள். ஒரு மாதம்தானே, வரட்டுமே என்றார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் இதே தேதி, இதே பஸ் நிறுத்தம், சாயங்காலம் நாலு மணி. சொன்னது என் வாய்.

தேதி நெருங்கும்போது தலைவரிடம் பணம் கேட்டேன். ஒத்திகை முடிந்துவிட்டது, அந்தச் செலவுக்குத் திட்டத்தில் தலைப்பு இல்லை என்றார். நான் கொஞ்சம் முனகினேன். அவர் கணினியைப் பார்த்தபடியே, அந்த ஆட்கள் பிரதான மாதிரியில் வரப்போவதில்லையே என்றார். அதாவது அவர்கள் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள், ஆகவே மனிதர்களிலும் சேர மாட்டார்கள். நான் அந்த நாலு மணிக்குப் போச்சம்பள்ளிப் பக்கமே போகவில்லை. வேறு வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் இந்தப் பகுதியில் வேலை செய்யப்போகிறவர்கள். ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே சேதி கம்பெனி பஸ்ஸில் போகும். போச்சம்பள்ளியில் ஏறுகிற பெண்ணின் அக்கா ஓசூரில் வேலை செய்வாள். ஓசூரில் ஏறுகிறவனின் மச்சான் ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் இருப்பான். நாங்கள் மூக்கண்டப்பள்ளிக்கு அட்டைகளோடு போவதற்கு முன்பே எங்களைப் பற்றி அங்கே முழு விவரமும் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு ஒரு பஸ் டிரைவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். அட்டை காட்டுறவனுங்க வந்தா கையில கெடைக்கிறத வாங்கிக்கோங்க, அவனுங்க மறுபடி வர மாட்டானுங்கன்னு நாந்தாங்க சொன்னேன்” என்றார். இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி எங்களை கேன்டீனில் உட்கார அனுமதித்தது. சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் வரிசையாக வருவார்கள். உங்கள் பெயர் வெளியே போகாது, இது பரீட்சை இல்லை, சும்மா விளையாட்டு மாதிரி என்று சொல்லிவிட்டு அட்டையைக் காட்டுவேன். ஒருத்தி பாக்கியில்லாமல் இடது பக்கம். நூற்றைம்பது என்றேன், இருநூறு என்றேன், இருநூற்றைம்பது என்றேன். விரல் இடது பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுதிக்கொண்டே போனேன். தாள் நிறைகிறதே, அது போதாதா.

பேச்சியம்மாளும் அந்த வரிசையில்தான் வந்தார். முதல் அட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். மற்ற அட்டைகளை நான் எடுப்பதற்கு முன்பே இடது பக்கம், இடது பக்கம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எனக்கு அவர் பேச்சு பிடித்துப்போனது. என்னை அண்ணாச்சி என்றார். எங்கள் பக்கத்தில் அது மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது. பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏனம்மா, ஒரு மாதம் பொறுத்தால் இரண்டரை மடங்கு கிடைக்கிறதே என்று கேட்டேன்.

“அஞ்சு வருசமா டிரெய்னியா இருக்கேன் அண்ணாச்சி. எங்கிட்ட வந்து காத்திருக்கியான்னு கேக்கீங்களே” என்றார்.

அதையும் ஓரத்தில் எழுதினேன். கட்டத்தில் எழுதியது: பூஜ்யம்.

தாளின் மேல் மூலையில் ஒவ்வொருவருக்கும் கம்பெனி கொடுத்திருந்த டோக்கன் நம்பரையும் எழுதி வைத்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. யாராவது அடுத்த மாதம் என்று கேட்டிருந்தால் அவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதற்குச் சௌகரியமாக இருக்கும், போச்சம்பள்ளி மாதிரி இந்தத் தடவை ஆகக் கூடாது என்று நானாகச் செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தலைவருக்கு முடிவுகளைப் பார்த்து ஆனந்தம். சுவரில் படம் போட்டுக் காட்டினார். எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் ஈ மொய்த்த மாதிரி. பிழைக்க வந்த உழைப்பாளிகளுக்கு எதிர்காலம் என்ற சிந்தனை குறைவு, கையில் கண்டதைச் செலவழிக்கும் மனம் அதிகம் என்று விளக்கினார். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஓசூர் வந்து, ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்து எழுந்து, ஐந்து வருடம் கழித்து வேலை நிரந்தரமாகும் என்று காத்திருக்கிற பெண்ணுக்கு எதிர்காலச் சிந்தனை இல்லையாம். அதைச் சொன்னவர், காபி வரக் கொஞ்சம் தாமதமானதற்கு அரை மணி நேரத்தில் இரண்டு தடவை மணியடித்தார்.

நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்பீர்கள். போச்சம்பள்ளிச் சேதி பரவியிருக்கலாம் சார் என்று ஒரு தடவை சொன்னேன். அதெல்லாம் ஊர்ப்பேச்சு, அளவிட முடியாதது என்றார். அளவிட முடியவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று ஒரு ஆள் சொல்லும்போது வாயை மூடிக்கொள்வது நம் தொழிலில் மரியாதை என்று நினைத்திருந்த காலம் அது.

மூன்று வாரம் போயிருக்கும். வேறொரு வேலையாக மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். நான் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரி வாசலில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு மத்தியான ஷிப்டு. காலை நேரத்தில் அந்தப் பக்கம் வருவேன் என்று யாரோ சொல்ல, மூன்று நாளாக அங்கே வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

விஷயம் இதுதான். நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் இருந்தது. லைன் லீடர் வாழ்த்துகூடச் சொல்லிவிட்டாராம். பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் பொறுமை பற்றி ஒரு ரிப்போர்ட் வந்திருக்கிறது, நிலையாக இருக்கிற ஆள் இல்லை என்று போட்டிருக்கிறது, பயிற்சி கொடுத்து நிரந்தரமாக்கிய பிறகு ஓடிப்போனால் கம்பெனிக்கு நஷ்டம் என்றார்களாம்.

“பரிச்சைன்னு நீங்க சொல்லவே இல்லியே அண்ணாச்சி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சகிக்க முடியவில்லை.

அவருக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், ஊரில் தங்கை வீட்டில் வளர்கிறாள். நிரந்தரமானால்தான் லைன் வீட்டில் தனியாக ஓர் அறை எடுத்து மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியும். ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்க ஓசூரில் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். அப்போது ஏப்ரல். இந்தப் பட்டியல் போனால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான். மகளை ஊரில் ஐந்தாவது வரை உள்ள பள்ளியில் மேற்கொண்டு வைத்திருக்க முடியாது. தங்கையின் மாமியார் அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடலாம் என்று ஏற்கெனவே பேச்செடுத்துவிட்டாராம்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? “அடுத்த வாரம் வந்து பேசிப் பாக்கறேம்மா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “அடுத்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு அண்ணாச்சி, உள்ள போயிருவேன். நாளைக்குப் போவோம்” என்றார்.

அன்று சாயங்காலம் பேக்கரிக்குப் பக்கத்து பூத்திலிருந்து தலைவருக்குப் போன் செய்தேன். கேன்டீனில் இடம் கொடுத்ததற்குக் கைமாறாக கம்பெனிக்கு ஒரு சின்னக் குறிப்பு கொடுத்ததாக ஒத்துக்கொண்டார். தனித்தனி ஆளாகக் கொடுத்தீர்களா என்றேன். பெயர் எதுவும் கொடுக்கவில்லை, நீங்கள் வாக்குக் கொடுத்தது மீறப்படவில்லை என்றார். உண்மைதான். பெயர் போகவில்லை. டோக்கன் நம்பர் போனது. நான் மூலையில் எழுதிய நம்பர்.

கம்பெனிக்குப் போய் மதிப்பெண் தப்பு என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. படித்தவர்கள் உயர்த்த மாட்டார்கள். அப்படிப் பேசினால் இனி ஓசூரில் எந்தக் கம்பெனியும் எங்களுக்குக் கேட்டைத் திறக்காது, திட்டம் பாதியில் நிற்கும், பல வருட உழைப்பு வீணாகும், உங்களோடு சேர்ந்து ஆறு பேருக்கு வேலை போகும் என்று வரிசையாக அடுக்கினார். ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை ஒரு பக்கமும் இவ்வளவையும் இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள் என்றார். அவருக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கம் உள்ள அட்டையாக ஆக்கத் தெரியும்.

பூத்திலிருந்து வெளியே வந்து எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்துக்கு நீங்களும் ஒருநாள் வருவீர்கள். அந்த ஆறு பேரில் இருவர் நான் கைபிடித்துக் கூட்டிவந்த பையன்கள். அவர்கள் முகம் வந்தது. எனக்கும் மூன்று மாதச் சம்பளம் மீதி இருந்தது. போகாமல் இருப்பதற்கு எத்தனை காரணம் கிடைக்கிறது என்று எனக்கே ஆச்சரியம். எல்லாமே மற்றவர்களுக்காகச் சொல்லும் நல்ல காரணங்கள். பயந்தவனுக்கு மற்றவர் மேல் வருகிற அக்கறை மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் என்னை நகர்த்தியது நியாயம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அந்தப் பெண் பேக்கரி வாசலில் நிற்பார், நான் வரவில்லை என்றால் அதற்கடுத்த நாளும் வந்து நிற்பார் என்று தோன்றியது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்களை ஒரு தடவை பார்க்காமல் தப்பித்தாயிற்று. இரண்டாம் தடவை முடியவில்லை.

முடிவு என்ன ஆனது என்று இழுத்தடிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. மகள் ஜூனில் ஓசூரில் சேர்ந்தாள். அவரைப் போலவே பூஜ்யம் வாங்கிய மற்றவர்களின் மதிப்பெண்ணையும் கம்பெனி கிழித்துப்போட்டது. என் வேலை அந்த வாரமே போனது. அந்த ஆறு பேரில் மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறொரு ஊரில் திட்டம் அமோகமாக நடந்தது. கொடுக்காமல் விட்ட பணத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போச்சம்பள்ளிக்கும் போனேன். சீட்டு வைத்திருந்தவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு பெரியவர் பணத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “வந்துட்டீங்களே, அதுவே போதும்பா” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் எங்கள் ஒத்திகையில் பொறுமைசாலி. அது ஒன்றுதான் அந்தத் திட்டத்தில் சரியாக வந்த மதிப்பெண் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் நடந்தது ஆபீசர் அறையில் அந்தக் காலை செலவான கால் மணி நேரத்தால்தான். இனி அதைச் சொல்கிறேன்.

ஆபீசர் சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். நான் நின்றபடியே சொன்னேன்: நாங்கள் அளந்தது பொறுமையை இல்லை சார், எங்கள் மேல் இவர்களுக்கு இருந்த அவநம்பிக்கையை. அது எங்கள் மதிப்பெண், இவர்கள் தலையில் எழுதிவிட்டோம். போச்சம்பள்ளியில் நடந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மேசையில் இரண்டு தடவை தட்டினார்.

“ரிப்போர்ட் உங்க ஹெட் கொடுத்தது சார். நீங்க ஃபீல்டு ஆளு. நீங்க வாயால சொல்றத வெச்சு நான் லிஸ்ட்ட மாத்த முடியாது. லெட்டர் ஏதாச்சும் வரட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார். பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, “நீங்களும் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்மா” என்றார்.

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அது கிண்டல் என்றே அவருக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள், அடுத்த மாசம்னா எப்ப சார் என்றார். அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதம்தான் என்றார் ஆபீசர். எந்த வருடத்து அடுத்த மாதம் என்று பேச்சியம்மாள் கேட்டது அதற்குத்தான்.

பேச்சியம்மாள் பதிலுக்காக நிற்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்த பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். ஆபீசர் தட்டிக்கொண்டிருந்த பேனாவை அவர் விரல்களிலிருந்து, குழந்தை கையிலிருந்து வாங்குவதுபோல, மெதுவாக எடுத்தார். இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

“வாயால சொன்னாத்தான் செல்லாதாம் அண்ணாச்சி. எழுதுங்க.”

உட்கார்ந்து எழுதினேன். முப்பது வருடமாக மற்றவர்கள் சொன்னதையே எழுதிய கை, முதல் தடவையாக நான் செய்ததை எழுதியது. போச்சம்பள்ளியில் சொன்ன தேதிக்கு நாங்கள் போகவில்லை. அந்தச் சேதி இங்கே பரவியிருந்தது. ஆகவே இந்த மதிப்பெண் யாருடைய பொறுமையையும் காட்டவில்லை. இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன். பேச்சியம்மாள் தாளை எடுத்து உதட்டை அசைத்து அசைத்து முழுதும் படித்தார். படித்துவிட்டுத் திரும்ப என் முன்னாலேயே வைத்தார்.

“டோக்கன் நம்பர எழுதிக் குடுத்தது யாருன்னு போடலியே” என்றார்.

அதையும் எழுதினேன். இந்த வரிதான் என் வேலையைத் தின்னப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது தடவை படித்த பிறகு தாளை ஆபீசர் பக்கம் திருப்பி, நேராக இருக்கும்படி மேசையின் விளிம்போடு சேர்த்து வைத்தார்.

“லெட்டர் வந்துட்டு சார். வாங்கிக்கிட்டேன்னு போட்டு, இன்னைக்குத் தேதி போட்டு, ஒரு கையெழுத்து” என்றார்.

ஆபீசர் தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பேச்சியம்மாள் மேசை மூலையிலிருந்த கம்பெனி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அவர் வலது கைப் பக்கம் வைத்துவிட்டு, மைப்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.